கோலாகாட் வரைக்கும் ட்ரயல்

1

லாரியில் இன்ஜின் வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போய்விட முடியாது. ட்ரயல் போக வேண்டும். டிரைவரோடு ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் ஓடவிட்டு, சத்தம் கேட்டு, சூடு பார்த்து, மனசுக்குத் திருப்தியான பிறகுதான் மெக்கானிக் இறங்குவான். நாமக்கல்லிலும் இதுதான் வழக்கம், கல்கத்தாவிலும் இதுதான் வழக்கம்.

எங்கள் பட்டறை தாராதலாவில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது. வங்காள வண்டி, பீகார் வண்டி, ஒடிசா வண்டி எது வந்தாலும் அடுத்த நாற்சந்தி வரை ஒரு சுற்று போய்விட்டு டீ ஆறுவதற்குள் திரும்பிவிடுவேன். தமிழ்நாட்டு வண்டி வந்தால் மட்டும் என் ட்ரயல் கோலாகாட் வரை போகும்.

கோலாகாட் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கிருந்து நம் ஊர்ப் பக்கம் வருகிற பாதையில், ரூப்நாராயண் என்று ஒரு பெரிய ஆறு இருக்கிறது. அதன் பாலத்தைத் தாண்டியதும் வருகிற ஊர். லோடு லாரியில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அங்கே இறங்கி, டீ குடித்து, வண்டியை அனுப்பிவிட்டு, லோக்கல் ரயிலில் ஹௌராவுக்குத் திரும்பி, பஸ் பிடித்துப் பட்டறைக்கு வந்து சேர்ந்தால் பாதி நாள் போயிருக்கும்.

எங்கள் தலைமை மிஸ்திரி நிமாய்தா. இங்கே மூத்த ஆண் யாரானாலும் பெயருக்குப் பின்னால் ஒரு 'தா' சேர்த்துவிடுவார்கள், நம் ஊர் அண்ணன் மாதிரி, தனியாகக் கூப்பிட்டால் தாதா. அவர் ஒவ்வொரு தடவையும் வெற்றிலை குதப்பிக்கொண்டே கேட்பார். "மிஸ்திரி, ட்ரயல் வண்டிக்கா, உனக்கா?"

நான் சட்டமாகப் பதில் சொல்வேன். இன்ஜினின் தலையான ஹெட்டைக் கழற்றி மாட்டினால், லோடோடு ஓடி இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு போல்ட்டுகளை இன்னொரு தரம் முறுக்க வேண்டும். அது உண்மைதான். ஆனால் அந்தச் சூடு ஏறுவதற்குக் கோலாகாட் வரை போக வேண்டியதில்லை என்பது நிமாய்தாவுக்கும் தெரியும்.

"ஆற்றுக்கு இந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் முறுக்கினால் உன் போல்ட் முறுகாதா?"

"தமிழ்நாட்டு போல்ட்டுக்கு ஆற்றைத் தாண்டினால்தான் சூடு ஏறும், தாதா."

சிரித்துவிட்டுப் போய்விடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னைப் போகாதே என்று சொன்னதில்லை. போன மாதம் போன ட்ரயலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஒரு ட்ரயலைச் சொல்ல வேண்டுமானால் முன்கதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

2

தொண்ணூற்றொன்றில் வந்தேன். வேலை தேடி வரவில்லை. ஒரு லாரிக்குக் கியர்பாக்ஸில் தகராறு, வழியில் நின்றால் பார்க்க ஆள் வேண்டும் என்று முதலாளி என்னையும் ஏற்றி அனுப்பினார். அந்தப் பாழாய்ப் போன வண்டி வழியெல்லாம் குதிரை மாதிரி ஓடிவிட்டு, தாராதலாவுக்கு வந்து படுத்துக்கொண்டது. பட்டறையில் இடம் கேட்டு நானே பிரித்து நானே மாட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த சர்தார்ஜி முதலாளி, தெற்கத்தி வண்டிகள் நிறைய வருகின்றன, பாஷை தெரிந்த ஆள் ஒருத்தன் இருந்தால் தேவலை, இருக்கிறாயா என்றார். நாமக்கல்லில் அப்போது வீட்டுக்கு ஒரு மெக்கானிக். வேலைக்கு அடித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாசம் இருந்து பார்க்கிறேன் என்றேன். பிறகு மனைவி சரஸ்வதியும் கைக்குழந்தையாக இருந்த மலரும் வந்தார்கள். காளிகாட்டில், டிராம் சத்தம் கேட்கிற சந்து ஒன்றில் வீடு பிடித்தோம். அந்த ஆறு மாசம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊரை விட்டு வந்தவர்கள் எழுதுவதையெல்லாம் நானும் படிப்பேன். வாய்க்கால், வயல், கோயில் தேர் என்று உருகுவார்கள். எனக்கு அப்படி உருக ஒன்றும் இல்லை. என் ஊர் லாரி ஊர். விடிந்தால் பாடி கட்டுகிற பட்டறைகளில் தகரம் தட்ட ஆரம்பிப்பார்கள். ஒருவன் நிறுத்தினால் இன்னொருவன் தட்டுவான். புது பெயிண்ட் வாசனையும் அறுத்த மரத்தின் வாசனையும் ரோடு முழுக்க இருக்கும். பெயர் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் ஏணிமேல் உட்கார்ந்து, முதலாளி வீட்டுப் பிள்ளைகள் பெயரை வரிசையாக லாரியின் நெற்றியில் எழுதிக்கொண்டிருப்பார். ஒரு நட்டு குறைந்தால் பரமத்தி ரோட்டில் நாலு கடை தள்ளி நடந்தால் போதும். ஸ்பேனர் இல்லையென்றால் எதிர்ப் பட்டறைக்காரனைப் பார்த்துக் கையை நீட்டினால் அவன் திட்டிக்கொண்டே எறிவான். எனக்கு அந்தத் தகரச் சத்தம் வேண்டும். அது இல்லாமல் விடிகிற காலை எனக்கு விடிந்த மாதிரியே இருப்பதில்லை.

இங்கே மனுஷர்கள் தங்கமானவர்கள். குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் வேலையில் கோபம் வந்தால் திட்டவாவது நம் பாஷை வேண்டுமல்லவா. துருப்பிடித்த போல்ட்டை இந்தியில் திட்டினால் அசைய மாட்டேன் என்கிறது.

அதனால் ஊர் வண்டி வந்து நின்றால் நான் முதலில் இன்ஜினைப் பார்ப்பதில்லை. கேபினுக்குள் ஏறிச் சும்மா உட்காருவேன். காய்ந்த மல்லிகைச் சரம், விபூதி, ஜவ்வரிசி மாவு, எல்லாம் கலந்து ஒரு வாசனை. சேலம், நாமக்கல் ஜவ்வரிசியை இங்கே மூட்டை மூட்டையாகத் தின்கிறார்கள், அதனால் நம் வண்டிகளில் அந்த மாவு படிந்தே இருக்கும். டிரைவர் சோறு கட்டி வந்த தமிழ்ப் பேப்பர் இருந்தால் எண்ணெய்க் கறையோடு பிரித்துப் படிப்பேன். யாரோ தெரியாதவர்களின் காதுகுத்து விளம்பரத்தைக் கூட விடமாட்டேன். "சம்முகண்ணா, வண்டியப் பாருங்கண்ணா, அப்பறம் படிக்கலாம்" என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள்.

3

ரேஷன் கார்டு கதையைச் சொல்ல வேண்டும். மனு கொடுக்கப் போனபோது அங்கிருந்த குமாஸ்தா, "டைட்டில் என்ன?" என்று கேட்டார். உத்தியோகத்தைக் கேட்கிறார் என்று நினைத்து மெக்கானிக் என்றேன். பெயருக்குப் பின்னால் வருவதைக் கேட்டாராம். தாஸ், மண்டல், சாட்டர்ஜி என்று இருக்க வேண்டுமாம். எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்றேன். உலகத்தில் எல்லோருக்கும் உண்டு, போய் யோசித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார். மறுபடியும் போனேன், மறுபடியும் அனுப்பினார். கடைசியில் அவரே அலுத்துப்போய் எந்த ஊர் என்று கேட்டார். நாமக்கல் என்றேன். எழுதிக்கொண்டார்.

கார்டு வந்தது. சண்முகம் நாமக்கல். சரஸ்வதி நாமக்கல். மலர்விழி நாமக்கல். திருத்த வேண்டுமானால் அலிப்பூர் கோர்ட்டில் பத்திரம் எழுதி வா என்றார்கள். கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நாளில் அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தினமும் டீச்சர் என் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், என் பெண் எழுந்து நிற்பாள். இது யாருக்குக் கிடைக்கும்? இப்போது பாலிகஞ்சில் காலேஜ் போகிறாள். தோழிகளுக்கு அவள் நாமு.

பெயரில்தான் ஊர். அவள் அங்கே இருந்தது நாலைந்து கோடை விடுமுறைகள்தான். தமிழ் பேசுவாள், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். பக்கத்து வீட்டு அம்மா அவளுக்கு மாஷி, அதாவது சித்தி. பூஜை என்று சொல்ல மாட்டாள், 'புஜோ' என்பாள். சின்ன வயதில் ஒரு தடவை கடும் காய்ச்சல் வந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு நானும் சரஸ்வதியும் பக்கத்தில் இருக்கிறோம், குழந்தை பினாத்துகிறது, அத்தனையும் வங்காளம். தண்ணீர் கேட்டதும் வங்காளத்தில், அம்மாவைக் கூப்பிட்டதும் வங்காளத்தில். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். சரஸ்வதி உள்ளேயிருந்து, "புள்ளைக்குக் காய்ச்சலு, உங்களுக்கு என்னங்க?" என்று கேட்டாள்.

ஆயுத பூஜையும் அப்படித்தான். இங்கே பட்டறைகளுக்கு விசுவகர்மா பூஜைதான் பெரிசு. ஆயுதங்களுக்கு அன்றைக்கு ஓய்வு, வானம் முழுக்கப் பட்டம், பட்டறையில் கிச்சடிச் சாப்பாடு. நானும் கும்பிடுவேன். ஆனால் நம் ஆயுத பூஜை வரும்போது ஊரே துர்கா பூஜையில் முழுகிக் கிடக்கும், பட்டறையில் ஈ காக்கை இருக்காது. நான் மட்டும் சாவி வாங்கிப் போய்த் திறந்து, ஸ்பேனர்களுக்குச் சந்தனம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைப்பேன். மலர் எட்டாவது படிக்கும் வரை கூட வருவாள். பிறகு தோழிகளோடு பந்தல் பார்க்கப் போக ஆரம்பித்தாள். அவள் வயசில் யாராக இருந்தாலும் பந்தலுக்குத்தான் போவார்கள். எனக்குப் பூசணிக்காயைச் சுற்றும்போது பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்று இருக்கும், அவ்வளவுதான்.

4

என் அக்கா பாப்பாத்தி நாமக்கல்லில் இருக்கிறாள். பரமத்தி ரோட்டில் அவள் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் ஷெட் இருந்தது. மச்சான் போன பிறகு அது பூட்டிக் கிடக்கிறது. மகன் சிவகுமாருக்கு ஸ்பேனர் பிடிப்பதில் இஷ்டமில்லை, சொந்தமாக ஒரு லாரி வாங்கி அவனே ஓட்டுகிறான். தண்ணி, பீடி ஒன்றும் கிடையாது. பெரியவர்கள் முன்னால் குரல் எழும்பாது. லோடு கிடைக்கும்போதெல்லாம் கல்கத்தா வருவான், வந்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் அக்கா ஃபோனில் விஷயத்தைத் திறந்தாள்.

"ஷெட்டு பூட்டியே கெடக்குது சம்முகா. நீ வந்து தொறந்து உக்காரு. மலரை எங்கூட்டுக்குக் குடுத்துரு. உனக்கும் ஊராச்சு, எனக்கும் மருமவளாச்சு."

இரண்டையும் ஏன் சேர்த்து முடிச்சுப் போட்டாள் என்பது ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். தம்பியாக வந்து அக்கா இடத்தில் பிழைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். சம்பந்தியாக வந்து உட்கார்ந்தால் ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். தாய்மாமன் பெண் முறைப் பெண். கேட்க அவளுக்கு உரிமை உண்டு, கொடுக்க எனக்கு ஆசையும் உண்டு. சொந்தமாக இடம் வாங்கி ஊரில் ஒர்க்‌ஷாப் போடுகிற வசதி இந்த ஜென்மத்தில் எனக்கு வராது. இதை விட்டால் வேறு வழி இல்லை.

அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. அந்த ஷெட்டை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள் அதைக் கூட்டிப் பெருக்கினேன். பெஞ்சு எந்தச் சுவரோரம், ஆயில் டிரம் எங்கே, இரும்பைப் பிடித்து அறுக்கிற வைஸை எந்த மூலையில் பொருத்துவது என்பது வரை முடிவு பண்ணிவிட்டேன். காலையில் எதிர்ப் பட்டறைக்காரனோடு சண்டை போடக்கூட ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

சரஸ்வதிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, உங்க ஆசைக்கு அவளை லோடு ஏத்தாதீங்க."

"சிவாவுக்கு என்னடி குறை?"

"கொறை ஒண்ணுமில்லீங்க. அதுதான் பயமா இருக்குது. கொறை இருந்தா அதைச் சொல்லித் தட்டிக் கழிச்சுப்போடலாம்."

"நீயும் ஊரை விட்டு வந்தவதானே? இருக்கலையா?"

"இருக்கறேன். எப்படி இருக்கறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

கேட்டதில்லை. ஆனால் விட்டுவிடவில்லை. மலரையே கேட்டேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "படிப்பு முடியட்டும்பா. அப்பறம் நீங்க சொல்றபடி" என்றாள். சரி என்று சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொள்வதற்கு அந்தப் பதிலில் தாராளமாக இடம் இருந்தது.

5

போன மாதம் சிவா ஜவ்வரிசி லோடோடு வந்தான். ஒடிசாவில் பாலசோர் பக்கத்தில் இன்ஜின் கொதித்து, எப்படியோ மெதுவாக உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன், பால் விட்ட காப்பி நிறம். ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட் போய்த் தண்ணீர் கலந்துவிட்டது. லோடை இறக்கிவிட்டு ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து முகத்தை மட்டமாக வழித்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன். வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. வருங்கால மாப்பிள்ளை வண்டி.

அதற்குள் அக்கா ஃபோன் பண்ணிவிட்டாள். "வண்டி திரும்பறப்ப பதிலைச் சொல்லி அனுப்பு சாமி. இழுத்துக்கிட்டே போகாத. வேற எடத்துல இருந்தும் கேக்கறாங்க."

வேலை முடிந்த அன்று சிவா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தலையைக் குனிந்து தோசை தின்றுகொண்டிருந்தான். மலர் தோசைக் கரண்டியோடு வந்து, "சிவா தா, இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா?" என்றாள்.

சரஸ்வதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டிக்கொள்ளப் போகிற முறைப் பையனை அண்ணா என்று கூப்பிட்டால் ஊரில் பந்தியே எழுந்துவிடும். நான் அவசரமாக, "இங்க பழக்கம் அப்படி, காய்கறிக்காரனையும் தாதாம்பா" என்று சிரித்து மழுப்பினேன். அதைக் கேட்டதும் காய்கறிக்காரனோடு சேர்த்துவிட்டேனே என்று இன்னும் சங்கடமாகிவிட்டது. சிவாவும் சிரித்தான். "பரவாயில்லீங்க மாமா" என்றான். ஆனால் அந்தத் தோசையை அவன் வெகுநேரம் மென்றான்.

விடிகாலையில் ட்ரயலுக்குக் கிளம்பும்போது மலர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வரேன்பா."

"எதுக்கு?"

"என் சின்ன வயசுலேர்ந்து போறீங்க. எங்க போறீங்கன்னு பாக்கணும்."

சரஸ்வதி என்னைப் பார்த்தாள், நான் சரஸ்வதியைப் பார்த்தேன். அவளாகவே வருகிறாள் என்றால் மனசு இளகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வா என்றேன்.

வண்டியில் சணல் சாக்கு லோடு. மாற்று டிரைவர் பின்னால் படுத்துத் தூங்கிவிட்டார். சிவா ஓட்டினான், மலர் ஜன்னலோரம், நான் நடுவில், இன்ஜினை மூடியிருக்கிற பானெட் மேல். என் இடம் எப்போதும் அதுதான். அங்கே உட்கார்ந்தால் இன்ஜினுக்குள் நடப்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும். ஹூக்ளிப் பாலம் ஏறியபோது கீழே ஆற்றில் படகுகள் அசையாமல் நின்றன. கோனா ரோடு தாண்டி நம் ஊருக்கும் வழியான பம்பாய் ரோட்டில் விழுந்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முகம் மேற்கே பார்த்துவிட்டால் எனக்கு எப்போதும் வருகிற சந்தோஷம்தான். இந்த ரோட்டிலிருந்து இறங்காமல் போய்க்கொண்டே இருந்தால் நாலாம் நாள் பரமத்தி ரோடு.

மலர் வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சிவாவுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். இது மிட்டாய்க் கடை, இது பூச்சிமருந்து, இது ஒரு கட்சி, இது அந்தக் கட்சியைத் திட்டி இன்னொரு கட்சி எழுதியது.

"அங்க வந்தா போர்டு எல்லாம் நான் படிச்சுச் சொல்றேன்" என்றான் சிவா.

"நான் கூட்டிப் படிச்சுடுவேன்" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் பானெட் மேல் உட்கார்ந்து, அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன்.

கோலாகாட் பாலம் தாண்டி வழக்கமான டீக்கடையில் நிறுத்தினோம். கேபினுக்குள் பானெட்டைத் திறந்து, மேல்மூடியைக் கழற்றி, சூட்டோடு சூடாக ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினேன். ஒழுக்கு இல்லை, கசிவு இல்லை. மூடிவிட்டு இறங்கிக் கை துடைத்துக்கொண்டு போனபோது, மலர் மண் குவளையில் டீயோடு ஆற்றைப் பார்த்து நின்றிருந்தாள். ஒரு பக்கம் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். ரயில் பாலத்தில் ஏதோ ஒரு ரயில் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

"எப்பவும் இங்கதான் எறங்கிடுவீங்களாப்பா?"

"ஆமா."

"அப்பறம் இங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது. டீ குடிப்பேன். வண்டி போறதப் பாத்துட்டு ரயிலேறுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டீயை ஊதினாள். பிறகு, குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல், பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"உங்களுக்கு மாசா மாசம் ஊர் வண்டி வருது. ஏறி இது வரைக்குமாவது வந்துடறீங்க. நான் அங்க போயிட்டா, எனக்குக் கல்கத்தா வண்டி வருமாப்பா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன பேச்சு இது, பொம்பளைப் பிள்ளைகள் எல்லோரும் இன்னொரு ஊருக்குப் போய் வாழவில்லையா என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னை மடக்கக் கேட்கவில்லை. போவது என்று முடிவு பண்ணி, போனால் என்ன செய்வது என்பதைத்தான் விசாரிக்கிறாள். நான் சொன்னால் போய்விடுவாள். போய், பரமத்தி ரோட்டில் நின்று, வருகிற லாரிகளின் நெற்றியில் வங்காள எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பாள். அது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போல அதைத் தெரிந்தவன் எவன் இருக்கிறான். அந்த நோயை என் கையாலேயே என் பெண்ணுக்குக் கொடுக்க இருந்தேன்.

"வராது" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தாள்.

நான் நேராகச் சிவாவிடம் போய் அவன் செல்ஃபோனை வாங்கினேன். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டு, டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துபோனான்.

"அக்கா, நான்தான்."

"வண்டி சரியாயிருச்சா சாமி?"

"ஆச்சுக்கா. மலரை அங்க அனுப்பலக்கா. அவ இங்கயே இருக்கட்டும். சிவாவுக்கு வேற நல்ல எடமாப் பாரு."

அக்கா பேசவில்லை. அவள் பேசாத அந்த நேரத்தில் ஃபோனில் எனக்கு ஊர் கேட்டது. எங்கோ பக்கத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிறுத்த இன்னொருவன் ஆரம்பித்தான். நான் ஃபோனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன்.

"அப்ப நீ வர மாட்டேன்னு சொல்லு" என்றாள்.

"விசேஷத்துக்கெல்லாம் வருவேங்க்கா."

"விசேஷத்துக்கு விருந்தாளிதான் சாமி வருவாங்க."

வைத்துவிட்டாள்.

சிவா வந்து ஃபோனை வாங்கிக்கொண்டான். "எனக்கு நேத்தே தெரிஞ்சுதுங்க மாமா. அம்மாவை நான் பாத்துக்கறேன், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். எப்பேர்ப்பட்ட பையன். மலரும் வந்து நின்றாள். "போயிட்டு வாங்க சிவா தா" என்றாள். இந்தத் தடவை யாரும் அதை மழுப்பவில்லை. அவன் அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினான். ஏறியவன் ஜன்னல் வழியாகக் குனிந்து கேட்டான்.

"ஷெட்டை என்ன பண்றதுங்க மாமா?"

"வாடகைக்கு விட்ரு. பூட்டியே வெச்சா கூரை தகரம் துருவேறிப் போயிடும். நல்ல வேலைக்காரனாப் பாத்து விடு."

"சரிங்க மாமா."

"அவங்கிட்டச் சொல்லு, வைஸை வடக்கு மூலையில வெக்கச் சொல்லு. அங்கதான் காத்தால வெளிச்சம் விழும்."

சரி என்று தலையாட்டினான். கண்ணாடியைச் சரி பண்ணுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வண்டி கிளம்பியது. மெக்கானிக்குகளான நாங்கள் வண்டியை அனுப்பும்போது கண்ணை விடக் காதைத்தான் பின்னால் அனுப்புவோம். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஒரு தட்டல், ஒரு திணறல், ஒரு சின்ன விசில் கேட்டிருந்தாலும் போதும், கையைத் தட்டி நிறுத்தி, ஓடிப் போய் ஏறி, இன்னும் தள்ளிக் கரக்பூர் வரைக்குமாவது போயிருப்பேன். மற்ற லாரிகளின் இரைச்சலில் அது கரைகிற வரை கேட்டுக்கொண்டே நின்றேன். ஒரு குறையும் இல்லை. சுத்தமாக ஓடியது. நான் பார்த்த வேலை.

மலர் ஸ்டேஷனுக்குப் போய் ஹௌராவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தாள்.